அத்தையின் எச்சில்

அத்தியாயம் 14

"துப்ப மாட்டேன்" என்று மாமியார் வாயை இறுக மூடிக்கொண்ட இடத்தில் போன வாரம் நின்றோம். நமக்குத்தான் ஒரு வாரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் அதே காலை. வாயும் அப்படியேதான் மூடியிருக்கிறது.

கட்டிலுக்கு அருகில் சின்ன பிளாஸ்டிக் குப்பியோடு நிற்பவள் மருமகள். இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயாளி உடம்பில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து சொல்வது அவள் தொழில். மற்றவர்கள் பாட்டில் பாட்டிலாக ரசாயனம் ஊற்றிச் செய்வதைச் சில சொட்டில் முடிக்கிறேன் என்று கிளம்பியதால் அங்கே அவளுக்குப் பெயர் சொட்டு. கேலிக்கு வைத்த பெயர். இப்போது அவளே போனை எடுத்து "சொட்டு பேசறேன்" என்கிறாள்.

படுத்திருப்பவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன குரல். குளியலறையில் விழுந்தார், தலையில் அடி, அறுவை. பிறகு ஒரு வலிப்பு வந்தது. வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை தொடங்கியபின் வலிப்பு வரவில்லை. மற்ற எல்லாம் வந்தது. எழுந்தால் தள்ளாட்டம், பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழறல். அந்தக் குரல் இப்போது ஈரத் துணியில் சுற்றி எடுத்த மாதிரி வெளியே வந்தது.

நரம்பு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மருந்து இருக்க வேண்டியதைவிடக் குறைவு. வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் இந்தத் தள்ளாட்டம் என்றார். இன்றைக்கு மதியச் சுற்றில் மருந்தை ஏற்றப்போகிறார்.

சொட்டுக்கு மட்டும் அது தலைகீழாகப் பட்டது. மருந்து பற்றாமல் தள்ளாடவில்லை, மிஞ்சிப்போய்த் தள்ளாடுகிறார். அதை நிரூபிக்க ஒருமுறை அவர் தூங்கும்போது வாயோரம் வழிந்த எச்சிலை எடுத்து அளந்தாள். வந்த எண் ஒரு யானையைப் படுக்க வைக்கும். ஆய்வுக்கூடத் தலைவி அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "இவ்வளவு உள்ள இருந்தா உங்க மாமியார் கோமாவுல இருக்கணும். உன்னைத் திட்டிட்டு இருக்காங்களே" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த மூக்கறுபட்ட கணக்கைத்தான் இன்று நேர் செய்ய வேண்டும். மதியத்துக்குள்.

"அத்தை, ஒரே ஒரு தடவை."

"முடியாது."

"சும்மா இந்தக் குப்பியில..."

"மருமக முன்னாடி துப்பறதா? கேட்கிறதுக்கு ஒரு அளவு இல்ல?" மாமியாரின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "ரத்தம் வேணுமா, எடுத்துக்கோ. அதுல ஒரு கௌரவம் இருக்கு."

"எடுக்க நரம்பே கிடைக்கலைன்னு நர்ஸ் அழறாங்க."

"அழட்டும். சம்பளம் வாங்கறா இல்ல."

ஜன்னலோரம் நின்ற நாத்தனார் திரும்பினாள். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். எதிரில் இருப்பவர் யாரானாலும் அவரது பிரேக்கில் தன் கால் இருக்க வேண்டும் என்று நினைப்பது தொழில் பழக்கம்.

"விடுங்களேன் அண்ணி. போன தடவை வந்தது தப்புன்னு உங்க மேடமே சொல்லிட்டாங்க. திரும்ப எடுத்தா மட்டும் சரியா வந்துடுமா?"

"ஏன் தப்பா வந்ததுன்னு எனக்குத் தெரியணும்."

"உங்க ஆராய்ச்சிக்கு எங்கம்மாதான் கிடைச்சாங்களா?"

"டாக்டர் தப்பான பக்கம் திரும்பறார்னு நினைக்கிறேன்."

"நீங்க நினைக்கிறீங்க. அவர் பார்த்துச் சொல்றார். அண்ணன் மட்டும் இங்க இருந்திருந்தா..."

அண்ணன் கப்பலில் இயந்திரம் பார்ப்பவன். நடுக்கடலில் இருக்கிறான். இந்த வீட்டில் பெரிய சண்டை எதற்கும் அவன் இருந்ததில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அவன்மேல் பிரியம்.

அப்போது நர்ஸ் வந்தாள். "வயித்து மாத்திரைம்மா. டிபன் முடிஞ்சதும் வலிப்பு மாத்திரை தர்றேன்."

மாமியார் மாத்திரையை வாயில் போட்டார். ஒரு மடக்குத் தண்ணீர். தலையை நிமிர்த்தி, வாயை ஒரு கணம் திறந்து காட்டி, மூடினார். நர்ஸ் திருப்தியாக அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"இவ நல்ல பொண்ணு. உன்ன மாதிரி துப்பு துப்புன்னு உயிரை எடுக்கிறதில்ல" என்றார் மாமியார். வாயை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொன்னார். இடது கன்னம் இம்மியளவு புடைத்திருந்தது.

சொட்டு அந்தக் கன்னத்தையே பார்த்தாள்.

"அத்தை, மாத்திரையை முழுங்கிட்டீங்களா?"

"ம்."

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. இல்ல, அந்தக் கன்னம்."

கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் மாத்திரை சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஓரமெல்லாம் கரைந்து சுற்றிலும் வெள்ளை மாவு.

"இது என்ன?"

"என்னன்னா? மைக் முன்னாடி உட்கார்ந்தே தலை நரைச்சவ நான். தொண்டை மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிறதுதான் எங்க வழக்கம். அது பாட்டுக்குக் கரையும், நாம பாட்டுக்குப் பேசலாம். முழுங்கிட்டு இருக்கும்போது வண்டி வந்துட்டா?"

"எல்லா மாத்திரையும் இப்படித்தானா? வலிப்பு மாத்திரையுமா?"

"அதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

"கசக்கலையா அத்தை?"

"ஸ்டேஷன் காபி குடிச்ச வாய் இது."

சொட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கருவி பொய் சொல்லவில்லை. வாயில் இருந்ததை அச்சுப் பிசகாமல் அளந்திருக்கிறது. வாயில் இருந்ததோ உடம்பிலிருந்து சுரந்த மருந்து அல்ல, கன்னத்தில் கரைந்த மாத்திரையின் மாவு. உலகத்தில் எந்த ஆய்வாளருக்கும் இந்த மாமியார் வாய்த்திருக்க மாட்டார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றாள். "மதியம் டாக்டர் மருந்தை ஏத்தப்போறார். நான் நினைக்கிறது சரின்னா, அப்புறம் உங்களுக்கு இந்தப் பேச்சும் வராது. நான் என்ன செஞ்சாலும் என்னைத் திட்ட முடியாது. யோசிச்சுப் பாருங்க."

மாமியார் யோசித்தார். அது அவருக்கு நிஜமாகவே பெரிய இழப்பாகத் தெரிந்தது.

"குப்பியைக் கொண்டா" என்றார். "அவளை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு."

பல் தேய்த்து, பலமுறை கொப்பளித்து, ஈறு ஈறாகத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டுத் திரை இழுத்தாயிற்று. வாய் வறண்டிருந்ததால் எச்சில் லேசில் ஊறவில்லை.

"எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்குங்க அத்தை."

"உன் சமையல் ஞாபகம் வருது. வந்ததும் காயுது."

திரைக்கு வெளியே நாத்தனார் சிரிப்பை அடக்கி இருமினாள். குப்பியின் அடியில் எச்சில் மெல்லச் சேர்ந்தது. பழைய முறையில் இது எதற்கும் ஆகாது. சொட்டுக்குப் போதும்.

ஆய்வுக்கூடத்துக்கு இறங்கும் படியிலேயே கரைப்பான் நெடி தொடங்கிவிடும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மாலையில் வரும் தலைவலி வீட்டுப் பிரச்சினையால் வருவதாக அவரவர் வீட்டில் நம்புகிறார்கள்.

தலைவிக்குப் புனல் என்று பெயர். நேரில் யாரும் கூப்பிட்டதில்லை. பேரிக்காய் வடிவக் கண்ணாடிப் புனலில் ரத்தத் தெளிவை, அதாவது அணுக்கள் படிந்தபின் மேலே நிற்கும் மஞ்சள் நீரை விட்டு, மேலே கரைப்பானை ஊற்றி, மூடி, குலுக்கி, இரண்டு அடுக்காகப் பிரியும்வரை காத்திருந்து, கீழே உள்ள குழாயைத் திறந்து இறக்குவாள். பார்க்க அழகாகவே இருக்கும். ஒரே குறை, இத்தனூண்டு மருந்தைப் பிடிக்க அவ்வளவு கரைப்பான். வேலை முடிந்ததும் அத்தனையும் மேஜைக்கு அடியில் இருக்கும் பீப்பாய்க்குப் போகும். பீப்பாய் நிரம்பினால் லாரி வரும். லாரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சொட்டின் மேஜையில் பீப்பாய் கிடையாது. பென்சில் முனையைவிடச் சற்றே பருத்த பிளாஸ்டிக் குழல்கள், விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருப்பாள். குழலின் சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் நனைப்பாள். குழலுக்கு உள்ளே காரத்தன்மையுள்ள நீர், வெளியே லேசாக அமிலம் சேர்த்த எச்சில். மருந்து எண்ணெயைக் கடந்து உள்ளே போகும். போன இடத்தில் அதன் குணம் மாறிவிடும், திரும்பி எண்ணெயைக் கடக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். கொஞ்ச நேரம் கலக்கிவிட்டால் மருந்தில் பெரும்பகுதி அந்தக் குழலுக்குள் வந்து அடைந்துவிடும். செலவு, சில சொட்டு. மிச்சக் குப்பை, ஒரு குழல்.

"மறுபடியும் எச்சிலா?" என்றாள் தலைவி, தலை நிமிராமல்.

சொட்டு கன்னத்து மாத்திரையைச் சொன்னாள். தலைவியின் உதடு முதல் தடவையாக அசைந்தது.

"சரி. போன நம்பர் ஏன் தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த நம்பர் ஏன் சரின்னு யார் சொல்றது? ரத்தத்துல மருந்து குறைவு. அதை அளந்தது நான்."

"உங்க அளவுல தப்பே இல்ல மேடம். மொத்த மருந்து குறைவுதான். ஆனா அவங்களுக்கு ரத்தத்துல புரதம் ரொம்ப இறங்கிப்போச்சு. அறுவைக்கு அப்புறம் சரியாச் சாப்பிடவே இல்ல. மருந்து புரதத்துமேலதான் உட்கார்ந்துட்டுப் போகும். இப்ப பஸ்ல சீட்டு கம்மி. உட்கார்ந்திருக்கிறவன் யாரையும் தொந்தரவு பண்றதில்ல. நிக்கிறவன்தான் எல்லார் காலையும் மிதிக்கிறான். நாம மொத்தத் தலையை எண்ணிட்டுக் கூட்டமே இல்லைங்கிறோம்."

"எச்சில்ல?"

"எச்சிலுக்கு இறங்கி வர்றது நிக்கிறவன் மட்டும்தான்."

"கதை நல்லாத்தான் இருக்கு. கதைக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல."

இந்தப் பதிலை எதிர்பார்த்தே வந்திருந்தாள் சொட்டு. மாமியாருடைய ரத்தத் தெளிவில் மீதி குளிர்பெட்டியில் இருந்தது. அதை வடிகட்டியுள்ள குப்பியில் விட்டு வேகமாகச் சுழற்றினால் புரதமும் அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்களும் மேலே தங்கிவிடுவார்கள். நிற்கிறவர்கள் மட்டும் கீழே இறங்குவார்கள். சுழற்றினாள். கீழே இறங்கியது சில சொட்டு.

தலைவி அந்தக் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் புனலைப் பார்த்தாள். இவ்வளவைக் கொண்டு அதன் உள்பக்கத்தை நனைக்கக்கூட முடியாது.

"இதையும் உன் குழல்லயே போடு" என்றாள்.

"நீங்கதான் நம்பலையே."

"இப்பவும் நம்பலை. அதனால நானும் மூணு குப்பி தர்றேன். எதுல எவ்வளவு மருந்துன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மூணையும் சரியாச் சொன்னா உன்கூட மாடிக்கு வர்றேன். ஒண்ணு தப்பினாலும் டாக்டர் அவர் வேலையைப் பார்க்கட்டும்."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலைவி திரும்பி வந்து மூன்று குப்பியைச் சொட்டின் மேஜையில் வைத்தாள். மூன்று குப்பியும் தப்பாமல் வந்தால் மாமியார் பிழைப்பார். தப்பினால் மருந்து ஏறும். இடையில் வேறு வழி இல்லை.

சொட்டு குழல்களை நனைத்தாள், நிரப்பினாள், குப்பிகளில் இறக்கினாள். கலக்கியைப் போட்டாள். அவசரத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டாள். மாமியாரின் எச்சிலில் இருந்த குழலுக்குள் ஒரு காற்றுக் குமிழி ஏறி உட்கார்ந்தது. குமிழி இருந்தால் கணக்கு போச்சு. வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டு அந்தக் குப்பியையே ஒதுக்கினாள். பாதி எச்சில் அதோடு போயிற்று. மீதி இன்னும் ஒரே தடவைக்குத்தான் வரும். "இன்னொரு தடவை துப்புங்க" என்று மாடிக்குப் போய்க் கேட்பதை நினைத்தாள். டாக்டரைவிட அது பயமாக இருந்தது. அதோடு, இந்நேரம் வலிப்பு மாத்திரை வாய்க்குள் போயிருக்கும்.

வேகத்தைக் குறைத்தாள். புதுக் குழலை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். இந்த முறை குமிழி இல்லை.

பிறகு அளவுக் கருவி. திரையில் ஒரு கோடு தட்டையாக ஓடும், மருந்து வந்து சேரும் நேரத்தில் எழும்பி மலைபோல நின்று இறங்கும். மலையின் பரப்பைப் பார்த்தால் மருந்தின் அளவு.

முதல் குப்பிக்குச் சின்ன மலை எழும்பியது. மூன்றாவதற்குப் பெரிய மலை. நடுவில் இருந்த இரண்டாவது குப்பிக்குக் கோடு தட்டையாகவே ஓடிக்கொண்டிருந்தது. எழும்ப வேண்டிய இடம் வந்தது, போயிற்று. ஒன்றுமில்லை.

சொட்டு குப்பியிலிருந்த குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குழல் கிழிந்திருக்குமா? அமிலம் விட மறந்தேனா? ஒவ்வொன்றாக மனசுக்குள் திரும்பச் செய்து பார்த்தாள். எல்லாம் செய்திருக்கிறாள். திரும்ப ஓட்ட நேரம் இல்லை. மேலே டாக்டர் சுற்றுக்குக் கிளம்பியிருப்பார்.

தலைவி பின்னால் வந்து நின்றாள். "சொல்லு."

சொட்டு முதல் எண்ணைச் சொன்னாள். மூன்றாவது எண்ணைச் சொன்னாள்.

"நடுவுல இருக்கிறது?"

"அதுல ஒண்ணும் இல்ல மேடம்."

"உன் குழல் பிடிக்கலையா? இல்ல, அதுல ஒண்ணுமே இல்லையா?"

ஒரு கணம்தான். "அதுல ஒண்ணுமே இல்ல. என் குழல் சரியாத்தான் பிடிச்சிருக்கு."

தலைவி கையைக் கட்டிக்கொண்டாள். "முதலும் மூணாவதும் நான் போட்ட அளவுதான். இம்மி பிசகல. நடுவுல இருந்தது வெறும் எச்சில்."

"யாரோடது?"

"கேட்கணுமா?" தலைவி கதவு சாத்தியிருந்த உள்ளறையைப் பார்த்தாள். "எச்சிலை நம்பாதவளோடது. என்னோடதுதான்."

சொட்டு சிரித்தாள். அந்த அறையில் தலைவியோடு சேர்ந்து யாரும் சிரித்ததில்லை. அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குமுன் அடுத்த கோடு எழும்பியது. மாமியாரின் எச்சில். அடுத்தது, அவரது ரத்தத்திலிருந்து வடிகட்டி இறக்கியது. இரண்டு மலையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. நிற்கிற மருந்து, தாங்கக்கூடிய எல்லையைப்போல் இரண்டு மடங்கு. யானைக் கணக்கு இல்லை. ஒரு மனுஷியைத் தள்ளாட வைக்கிற கணக்கு.

தலைவி அந்தத் திரையை முழுதாக ஒருமுறை பார்த்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"வா. நீ பேசினா மாமியாருக்காகப் பேசறேன்னு சொல்வாங்க. நான் பேசறேன்."

நரம்பு டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாத்தனார் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"டாக்டர், ஒரு நிமிஷம். அளவை ஏத்தாதீங்க" என்றாள் தலைவி. படியேறி வந்த மூச்சு வாங்கியது.

"நீங்கதானே குறைவுன்னு ரிப்போர்ட் குடுத்தீங்க?"

"நான்தான். அதை அளந்த நான்தான் இப்ப வேண்டாங்கிறேன்."

டாக்டர் எண்களை வாங்கிப் பார்த்தார். கெட்டிக்காரர், கேட்க வேண்டியதைக் கேட்டார். "எச்சில்னா வாயில மாத்திரை ஒட்டியிருந்தாலே கணக்கு எகிறுமே?"

"எகிறிச்சு. போன தடவை" என்றாள் சொட்டு. "கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்தாங்க. இன்னிக்கு வாயைச் சுத்தம் பண்ணி, மாத்திரைக்கு முன்னாடியே எடுத்தேன். பக்கத்துல இருக்கிற நம்பர் ரத்தத்துல இருந்து வடிகட்டினது. ரெண்டும் ஒண்ணுதான்."

"புரதம் எவ்வளவு?" அவர் பழைய அறிக்கையைப் புரட்டினார். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கட்டிலருகில் குனிந்து, "அம்மா, என் விரலைப் பாருங்க. தலையைத் திருப்பாம, கண்ணால மட்டும்" என்றார்.

விரல் ஓரத்துக்குப் போனது. மாமியாரின் கண்களும் போயின. போன இடத்தில் நிற்க முடியாமல் துடித்துத் துடித்துத் திரும்பின.

"இதை வலிப்போட அடையாளம்னு எடுத்துக்கிட்டேன்" என்றார் டாக்டர் நிதானமாக. "மருந்து மிஞ்சினாலும் இதேதான் வரும்."

எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். இன்று இனி மருந்து இல்லை. இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்கலாம். குரல், நடை எல்லாம் சில நாளில் சீராகிவிடும். "ஏத்தியிருந்தா?" என்று நாத்தனார் கேட்டதற்கு, அடித்த காகிதத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மாமியார் தலையணையில் சாய்ந்தபடி எல்லார் முகத்தையும் பார்த்தார். "அப்ப எனக்கு வயசாகல" என்றார்.

"ஆகலம்மா."

"மூளை கலங்கல."

"இல்ல."

"மருந்துதான். நான் இல்ல." அதைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொட்டை நோக்கி விரலை நீட்டினார். "இவளைக் கட்டிக்கிட்டு வந்தப்ப, கண்ணாடிக் குப்பி கழுவற பொண்ணுதான் கிடைச்சாளான்னு என் பையன்கிட்ட கேட்டேன்."

"தெரியும் அத்தை. பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்."

"திரும்பக் கேட்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்வேன். இதுக்குமேல எதிர்பார்க்காதே."

இதைவிடப் பெரிய பட்டத்தை அந்தக் குடும்பத்தில் யாரும் வாங்கியதில்லை.

டாக்டர் போகிற போக்கில் நின்றார். "என் வார்டுல இதே மாதிரி நரம்பே கிடைக்காதவங்க இன்னும் சில பேர் இருக்காங்க. எச்சில்லயே பார்த்துடுவீங்களா?"

"பார்ப்போம்" என்றாள் தலைவி, சொட்டு வாயைத் திறக்குமுன்னே. "ஆனா முறையாச் செய்யணும். மருந்தே சாப்பிடாத ஆளுங்க எச்சில் பல பேரோடது வேணும். ஒப்பிட்டுப் பார்க்க. என் ஒருத்தியோடது பத்தாது."

"இதோ நிக்கிறாளே" என்றார் மாமியார், மகளைக் காட்டி. "தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா. இரும்பு உடம்பு. எனக்கு மட்டும்தானா இந்த மானக்கேடு? நீயும் துப்புடி."

நாத்தனார் சட்டென்று, "நானா?" என்றாள். குப்பியை வாங்காமல் கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். காலையில் பேசிய பேச்சுக்கு வெட்கப்படுகிறாள் என்று சொட்டு நினைத்துக்கொண்டாள்.

"அம்மா சாப்பிடற மாத்திரை இருக்கான்னுதானே அண்ணி பார்ப்பீங்க?"

"ஆமா."

"அப்ப சரி." திரைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்து குப்பியை நீட்டும்போது, "காலையில ரொம்பப் பேசிட்டேன்" என்றாள்.

"பேசினே. அதுக்கென்ன. நானும்தான் பதிலுக்குப் பேசினேன்."

அன்று பிற்பகல் ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு குப்பி. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், துணி வெளுக்கும் பிரிவிலிருந்து ஒருவர், வாசல் காவலாளி. எல்லாரும் சிரித்துக்கொண்டே துப்பிவிட்டுப் போனார்கள். தலைவி தன் புனலைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். அன்றைக்குப் பீப்பாயில் ஒரு கரண்டிகூடச் சேரவில்லை.

கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாக ஓடின. கணக்குப் பிரிவு, தட்டை. வெளுப்புப் பிரிவு, தட்டை. காவலாளி, தட்டை. சொட்டு உட்கார்ந்து வெற்றியை ரசித்துக்கொண்டிருந்தாள். கப்பலுக்கு என்ன செய்தி அனுப்பலாம் என்று மனசுக்குள் எழுதிக்கூடப் பார்த்தாள்.

நாத்தனாரின் கோடு, மாமியாரின் மருந்து எழும்பும் இடத்துக்கு முன்பே எழும்பியது.

சொட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமியார் சாப்பிடும் மருந்துக்கு உரிய இடத்தில் கோடு தட்டைதான். அதற்கு முன்னால் ஒரு மலை, ஒழுங்காக, கூர்மையாக நின்றது. அந்த இடம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். முறையைச் சோதிக்கும்போது அந்த மருந்தைத் தன் கையாலேயே எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதுவும் வலிப்புக்குத்தான். பழைய மருந்து. ஒருநாள் இரண்டுநாள் சாப்பிட்டவர்களுக்கு இவ்வளவு வராது.

புதுக் குழலை எடுத்துத் திரும்பச் செய்தாள். இந்த முறை எதிலும் அவசரப்படவில்லை. அதே இடம், அதே மலை.

தலைவி பைக்குள் எதையோ தேடிக்கொண்டே கேட்டாள். "எல்லாம் தட்டைதானே?"

"இது ஒண்ணு மட்டும் ஒப்பிட உதவாது மேடம். எடுத்துடறேன்" என்றாள் சொட்டு. திரையை மூடினாள்.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. கூரையில் பெரிய பலகை, இரண்டு பக்கமும் பிரேக். நாத்தனார் கதவில் சாய்ந்தபடி சாவிக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"வாங்க ஜெயிச்சவங்களே. அம்மா வெளுத்து வாங்கிட்டு இருக்காங்க. நர்ஸுக்கெல்லாம் உங்க புராணம்தான். ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."

"சாவியைக் குடு" என்றாள் சொட்டு.

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன்."

"நீங்களா? ரிவர்ஸ் எடுத்தா சுவர் எங்க இருக்குன்னே தெரியாது உங்களுக்கு. சொல்லிக் குடுத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

சொட்டு சிரிக்கவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். "உன் எச்சிலை ரெண்டு தடவை ஓட்டினேன்."

சாவிக் கொத்து சுழல்வது நின்றது.

நாத்தனார் ஆஸ்பத்திரி ஜன்னல்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"உனக்கும் வலிப்புன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். கடைசியா எப்ப வந்தது?"

"நாளைக்குக் காலையில என்கிட்ட ஓட்டக் கத்துக்கிற பசங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் அண்ணி. எல்லார்கூடவும் பக்கத்துல உட்கார்ந்து நான்தான் கூட்டிட்டுப் போகணும்."

"நான் அதைக் கேட்கல. கடைசியா எப்ப வந்தது?"

நாத்தனார் சாவியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். சொட்டு நீட்டிய கையை மடக்கவில்லை.